சுரமும் மண்ணும்: பண்டிதர் ரத்தன்ஜன்கரும் இலங்கையின் பாட்டும்

கடல் கடந்து செல்வோர் தம்முடன் கொண்டு செல்லும் பொருள்களுள் எடையற்றது இசை ஒன்றேயாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதி தொடங்கித் தென்னிந்தியாவினின்றும் கோப்பித் தோட்டங்களை நாடி இம்மலைநாட்டுக்கு வந்த மக்கள், மாற்றுடைக்கும் வகையற்றவராய் வந்த அக்காலத்திலும், தாலாட்டையும் தெம்மாங்கையும் கும்மியையும் ஒப்பாரியையும் நெஞ்சிலே சுமந்து வந்தனர். கோப்பி அழிந்து, 1867ஆம் ஆண்டிலே ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவிற் பயிரிட்ட தேயிலை மலைகளையெல்லாம் மூடிய பின்னரும் அப்பாடல்கள் அழிந்தில.

அதே கடலைக் கடந்து பிறிதொரு வகை இசையும் இத்தீவுக்கு வந்தது. வட இந்திய அரசவைகளிலே வளர்ந்து, பின்னர்க் கல்லூரிகளிலே இலக்கணமாக வகுக்கப்பட்டு, கற்றோர் வழியாக இங்கு வந்து சேர்ந்த இந்துத்தானி இசையே அது. அவ்விசையிற் பாடகராகவும் பேராசிரியராகவும் ஒருங்கே விளங்கிய பண்டிதர் ஸ்ரீகிருஷ்ண நாராயண் ரத்தன்ஜன்கர், 1952ஆம் ஆண்டிலே இலங்கை வானொலியின் அழைப்பை ஏற்றுக் கொழும்புக்கு வந்தார். அவர் இங்கு தங்கியது சிறிது காலமே. எனினும் அவர் வருகையால் எழுந்த வினாக்கள் இன்றும் தீர்ந்தபாடில்லை. ஒரு நாட்டின் பாட்டு எங்கிருந்து பிறக்க வேண்டும்? அதனை அளந்து தரங்கூறும் உரிமை யாருக்கு உண்டு? இவ்விரு வினாக்களும் வானொலி நிலையத்து வித்துவான்களுக்கு மட்டும் உரியன அல்ல; ஹற்றனிலும் நுவரெலியாவிலும் வாழும் நமக்கும் நெருங்கிய உரிமையுடையன என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆசிரியர் வழி

ரத்தன்ஜன்கர் பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியுந் தறுவாயில், அக்காலத்திற் பம்பாய் எனப்பட்ட மும்பை மாநகரிலே பிறந்தவர். இளமையிலேயே சங்கீதம் பயிலத் தொடங்கிய அவருக்கு வாய்த்த பேறு, விஷ்ணு நாராயண் பாத்கண்டே என்னும் பேராசானின் மாணாக்கராகியமை. பின்னர்ப் பரோடா சமஸ்தானத்தின் உதவி பெற்று, ஆக்ரா மரபின் தலைமைப் பாடகராகிய உஸ்தாத் பையாஸ் கானிடம் நேரிற் பயின்றார். ஒருவரிடம் இசையின் இலக்கணத்தையும், மற்றொருவரிடம் இசையின் உயிரையும் கற்றார் எனலாம். பல்கலைக்கழகக் கல்வியும் பெற்றுப் பட்டதாரியானார். குருவின் காலடியிலிருந்து கேட்டுப் பாடும் பழைய முறையும், நூலை விரித்து ஆராயும் புதிய முறையும் ஒருவரிடத்தே கூடுதல் அந்நாளில் அருமையாகவே இருந்தது.

1926ஆம் ஆண்டிலே பாத்கண்டேயின் முயற்சியால் லக்னோ நகரில் ஓர் இசைக்கல்லூரி நிறுவப்பட்டது. அன்றைய மாகாண ஆளுநரின் பெயரால் மாரிஸ் கல்லூரி என வழங்கிய அது, பிற்காலத்தில் நிறுவியவர் பெயரையே பெற்றுப் பாத்கண்டே சங்கீதக் கல்லூரியாயிற்று. 1928 முதல் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அதன் அதிபராயிருந்தவர் ரத்தன்ஜன்கர். மேடையில் ஈட்டக்கூடிய புகழையும் பொருளையும் பெரிதெனக் கருதாது வகுப்பறையையே தம் வாழ்வாக அவர் கொண்டார். கே. ஜி. கிண்டே, எஸ். சி. ஆர். பட், சிதானந்த நகர்கர், தினகர் கைகிணி, சுமதி முடாட்கர் முதலிய பாடகர்கள் அவரிடம் பயின்றவர்களே. வயலின் வித்துவான் வி. ஜி. ஜோக் அக்கல்லூரியில் உருவானவர். ‘சுஜான்’ என்னும் முத்திரையுடன் ரத்தன்ஜன்கர் இயற்றிய உருப்படிகள் பல நூறு. கருநாடக இசைக்குரிய வர்ணம் என்னும் வடிவையும் வடநாட்டு இராகங்களில் அமைத்துப் பார்த்தவர் அவர்.

இவ்விடத்தில் தமிழர்க்குப் பெருமை தரும் ஒரு செய்தியைக் குறிப்பிடாது செல்லுதல் தகாது. பாத்கண்டே வகுத்த இலக்கணத்தின் வேர்களுள் ஒன்று தென்னாட்டு மண்ணில் இருக்கின்றது. 1904ஆம் ஆண்டிலே அவர் சென்னை, தஞ்சை, மதுரை முதலிய ஊர்களுக்குச் சென்று, எட்டயபுரத்திலே சுப்பராம தீட்சிதரைக் கண்டு உரையாடினார். தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ என்னும் பெருநூல் வெளிவந்ததும் அவ்வாண்டிலேயே. தஞ்சை நாயக்கர் காலத்து வேங்கடமகி இயற்றிய ‘சதுர்தண்டிப் பிரகாசிகை’யும், அதனின்று வளர்ந்த எழுபத்திரண்டு மேளகர்த்தா முறையும் பாத்கண்டேயின் கருத்தைக் கவர்ந்தன. வடநாட்டில் வழங்கிய இராகங்களை அவர் பத்துத் தாட்டுகளாக வகுத்தபோது, அவ்வொழுங்கின் பின்னணியில் தென்னாட்டு மேளமுறை இருந்தது.

இருமுறைகளின் உறவையும் வேற்றுமையையும் அறிய விழைவோர் ஓரிரு பெயர்களை ஒப்பிட்டுப் பார்த்தாற் போதும். அவர்களுடைய பிலாவல் நமது சங்கராபரணத்தின் சுரங்களை உடையது. காபி தாட்டு நமது கரகரப்பிரியாவின் சுரங்களாலாயது. பைரவ் நமது மாயாமாளவகௌளையை ஒத்தது. ஆயின், அவர்கள் பைரவி என்று பாடுவதன் சுரங்கள் நமது தோடியின் சுரங்கள். அவர்கள் தோடி என்பதோ நமது சுபபந்துவராளிக்கு நேரானது. சுரம் ஒன்றாயினும் பெயர் மாறும். பெயர் ஒன்றாயினும் சுரம் மாறும். இரண்டும் ஒன்றாயினும் பாடும் வகையால் இசை வேறாகிவிடும். இராகத்தை நிறுவுவது சுரங்களின் எண்ணிக்கை மட்டுமன்று. அவற்றைத் தொடும் முறையும் அசைக்கும் முறையும் நிறுத்தும் இடமுமே என்பது இதனாற் புலனாகும். இக்கருத்தை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ளல் வேண்டும். பின்னர் இது நமக்குப் பயன்படும்.

இலங்கையில் வடநாட்டிசை

ரத்தன்ஜன்கர் வந்தபோது இந்துத்தானி இசை இலங்கைக்குப் புதியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே பம்பாயிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்கள் கொழும்பு மக்களின் உள்ளத்தைக் கொள்ளை கொண்டன. அவற்றைப் பின்பற்றிச் சிங்களத்தில் ‘நூர்த்தி’ என்னும் நாடகவகை தோன்றிற்று. நூர்த்தி ஆசிரியருட் சிறந்தவராகிய ஜோன் டி சில்வா, தம் நாடகங்களுக்கு இசையமைக்க விசுவநாத் லௌஜி என்னும் வட இந்திய இசைவாணரை வரவழைத்தார். லௌஜிக்குச் சிங்களம் தெரியாது. பாட்டின் பொருளையும் அதில் நிற்கும் சுவையையும் நாடகாசிரியர் எடுத்துரைக்க, அதற்கேற்ற இராகத்தை அவர் தேர்ந்தமைப்பார். 1903ஆம் ஆண்டில் அரங்கேறிய ‘சிறிசங்கபோ’ நாடகத்துக்காக அவர் அமைத்த மெட்டுக்களுள் ஒன்று, நூறாண்டு கடந்தும் சிங்கள மக்கள் போற்றிப் பாடும் பாட்டாக வாழ்கின்றது. மொழியறியாத ஒரு வெளிநாட்டார் ஒரு மக்களின் நெஞ்சத்துக்கு இத்துணை அணுக்கமாக வந்தமை வியத்தற்குரியது.

1934ஆம் ஆண்டிலே மகாகவி இரவீந்திரநாத தாகூர் தம் குழுவினரோடு கொழும்புக்கு வந்து ‘சாபமோசனம்’ என்னும் இசைநாடகத்தை அளித்தார். அதன் பின்னர்ச் சாந்திநிகேதனத்தை நாடிச் சென்ற சிங்கள இளைஞர் பலர். வேறு சிலர் லக்னோ சென்று ரத்தன்ஜன்கரின் கல்லூரியிலே சேர்ந்தனர். இவ்விரண்டு இடங்களிலும் பயின்று, 1944ஆம் ஆண்டளவிலே ‘விஷாரத்’ பட்டத்துடன் மீண்டவர் சுனில் சாந்த. பிற்காலத்தில் இந்நாட்டின் தலைசிறந்த பாடகராக மதிக்கப்பெற்ற பண்டிதர் அமரதேவாவும் லக்னோவிற் பயின்றவரே. அதே காலத்தில் இலங்கைத் தமிழ் மாணவர்களோ சிதம்பரத்தை நோக்கிச் சென்றனர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலே ‘சங்கீத பூஷணம்’ பெற்று வந்தோர் நம் கல்லூரிகளில் இசையாசிரியர்களாக அமர்ந்தனர். ஆக, சிங்களவர் லக்னோவுக்கும் தமிழர் சிதம்பரத்துக்கும் சென்று கற்றனர். இரு சாராருக்கும் பொதுவாயிருந்த ஓர் எண்ணம் உண்டு: உயர்ந்த இசை கடலுக்கு அப்பாலே இருக்கின்றது, இங்குள்ளது நாட்டார் பாட்டு மட்டுமே என்பது அவ்வெண்ணம்.

1952ஆம் ஆண்டின் வருகை

இலங்கையில் ஒலிபரப்பு 1925ஆம் ஆண்டிலே தொடங்கிற்று. 1949ஆம் ஆண்டிலே அந்நிலையம் ‘றேடியோ சிலோன்’ என்னும் பெயரைப் பெற்றது. நாடு விடுதலை பெற்ற புதிது அது. தேசியக் கொடி, தேசிய கீதம் என்பவற்றோடு தேசிய இசையும் வேண்டுமென்னும் ஆர்வம் கற்றோரிடையே பொங்கிற்று. வானொலியிற் பாடுவோர் தொகையும் பெருகிற்று. யாரைப் பாட விடுவது, யாருக்கு எத்தனை நிகழ்ச்சி கொடுப்பது, என்ன ஊதியம் அளிப்பது என்பன நிலையத்தாருக்குப் பெருஞ் சிக்கல்களாயின. பாடகரைச் சோதித்துத் தரம் பிரிப்பதற்கு ஐயத்துக்கிடமற்ற பெரும் புலவர் ஒருவர் வேண்டுமென எண்ணி, ரத்தன்ஜன்கரை அழைத்தனர். இந்தியாவிலும் அவர் இத்தகைய பொறுப்பை ஏற்றவரே. அங்கே தகவல் ஒலிபரப்பு அமைச்சராயிருந்த கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலிக் கலைஞர்களைத் தரம் பிரிக்கும் குழுவுக்கு அவர் தலைமை தாங்கினார். ‘தலைமுறை தலைமுறையாகப் பாடி வருவோரைத் தேர்வு மண்டபத்தில் நிறுத்துவதா?’ என்று அங்கும் கலைஞர் பலர் கிளர்ந்தெழுந்தனர்.

கொழும்பிலே அவர் ஆற்றிய பணிகள் இரண்டு. ஒன்று, பாடகரைச் சோதித்தல். மற்றொன்று, சிங்கள இசையின் எதிர்காலம் பற்றித் தம் கருத்தை விரிவுரையாக வழங்கியமை. முதலாவதனால் அவரை நினைவில் வைத்திருப்போர் இரண்டாவதனை மறந்துவிடுகின்றனர். லக்னோவிலிருந்து வந்த பேராசிரியர், “எங்கள் இராகங்களை இன்னும் நன்றாகக் கற்றுப் பாடுங்கள்” என்று சொல்லிச் செல்வார் என்றே பலரும் எதிர்பார்த்திருத்தல் கூடும். அவர் காட்டிய வழியோ வேறு. இந்நாட்டு மக்களின் கிராமியப் பாடல்களை அடிப்படையாகக் கொண்டே இந்நாட்டுக்குரிய இசை எழவேண்டும் என்பதே அவர் வற்புறுத்திய கருத்து. இந்திய இராக ஞானம் அதற்குத் துணையாகலாம். ஆனால் வித்து இம்மண்ணினதாக இருத்தல் வேண்டும் என அவர் கண்டார். தம் வாழ்நாள் முழுவதையும் இராக இலக்கணத்துக்கே ஈந்த ஒருவர், அவ்விலக்கணத்துக்கு வெளியே நிற்கும் உழவர் பாட்டையும் தாலாட்டையும் சுட்டி, ‘அங்கே தேடுக’ என்றமை அவருடைய பெருந்தன்மையைக் காட்டும்.

எனினும் சோதனை மண்டபத்தில் நிகழ்ந்தது வேறு. சுனில் சாந்த அப்போது வானொலியிற் பெரும் புகழ் பெற்றிருந்தார். 1940களின் பிற்பகுதியில் அவர் பாட்டுக்கள் வீடுதோறும் ஒலித்தன. அவர் லக்னோவிற் கற்றவராயினும், முனிதாச குமாரதுங்கவின் ‘ஹெல’ இயக்கக் கொள்கையைத் தழுவியவர். சிங்கள மொழியின் ஓசையிலிருந்தே சிங்களப் பாட்டுப் பிறக்கவேண்டும். அது இந்திய இராகங்களின் நிழலாதல் கூடாது என்பது அவர் உறுதி. ஆதலின், இந்துத்தானிப் பேராசிரியர் ஒருவர்முன் நின்று தம் சிங்களப் பாட்டுக்குத் தரம் பெறுவதற்கு அவர் உடன்படவில்லை. சோதனைக்குச் செல்ல மறுத்தார். அதன் பயனாக வானொலியின் கதவு அவருக்கு அடைபட்டது. பாட்டையே தொழிலாகக் கொண்டு வாழ்ந்தவர் வருவாய் இழந்து அல்லலுற்றார். 1956ஆம் ஆண்டு வெளிவந்த லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் ‘ரேகாவ’ திரைப்படத்தின் பாட்டுக்களில் அவர் திறமை மீண்டும் ஒளிர்ந்தது. ஆயினும் அவர் வானொலியில் இழந்த ஆண்டுகள் இழந்தனவே. 1981ஆம் ஆண்டிலே அவர் மறைந்தார்.

கிராமிய இசையைத் தேடுமாறு காட்டப்பட்ட வழியில் முன்சென்றவருள் முதன்மையானவர் அமரதேவா. கிராமியப் பாடல்களைத் திரட்டி, அவற்றின் உயிர் கெடாது மேடைக்கும் வானொலிக்கும் ஏற்பச் செப்பனிட்டு, அவர் தமக்கென ஒரு நடையை உருவாக்கினார். 2001ஆம் ஆண்டு மக்சேசே விருது பெற்று, 2016ஆம் ஆண்டு அவர் மறைந்தபோது நாடே துயருற்றது. பேராசிரியர் ரத்தன்ஜன்கரோ தாயகம் மீண்டு, 1957ஆம் ஆண்டிலே ‘பத்ம பூஷண்’ விருது பெற்று, கைராகர் இசைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் பணியாற்றி, 1974ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் இறைவனடி சேர்ந்தார்.

அளவுகோலின் எல்லை

இனி இவ்வரலாற்றை நடுநிலையோடு நோக்குவோம். ஒருவரே கிராமியப் பாட்டை மதித்தார். அவர் நடத்திய சோதனையே மண்ணின் பாட்டைப் பாடிய ஒருவரின் வாய்ப்பை இல்லாமற் செய்தது. இம்முரண்பாடு எங்ஙனம் எழுந்தது?

சோதனை என்பது அளக்கக்கூடியதையே அளக்கும். சுருதி சேர்ந்ததா, தாளம் நின்றதா, இராகத்தின் இலக்கணம் வழுவாது வந்ததா என்பனவற்றைக் கற்றறிந்த செவி ஒரு நாழிகையிற் கண்டுகொள்ளும். வானொலி போன்ற ஒரு பொதுத் தாபனத்துக்கு இத்தகைய அளவுகோல் முற்றும் வேண்டாததென்றும் கூறுதற்கில்லை. அதுவும் இன்றேல், செல்வாக்கும் சிபாரிசுமே பாடகரைத் தேர்ந்தெடுக்கும். ஆனால் ஒரு பாட்டு ஒரு மக்களுக்கு ஏன் இனியதாயிற்று என்பதை அவ்வளவுகோல் கூறமாட்டாது. முன்னே நாம் கண்டவாறு, ஒரே சுரங்கள் வடக்கே பைரவியாகவும் தெற்கே தோடியாகவும் இருவேறு இசையாகின்றன. பயின்ற செவியே அவ்வேறுபாட்டை உணரும். அங்ஙனமாயின், எழுத்தில் அடங்காத நாட்டார் பாட்டின் நெளிவையும் சுளிவையும் பிறமொழிச் செவி உணர்வது எத்துணை அரிது! ஒப்பாரி நாலைந்து சுரங்களுக்குள்ளேயே சுழல்வது; தாளக் கட்டுக்குள் நில்லாது மூச்சின் அளவிலே நீள்வதும் குறுகுவதுமாயிருப்பது. இலக்கணப்படி நோக்குவோர்க்கு அது எளிய பாட்டு. கேட்கும் தாய்க்கோ அதைவிடப் பெரிய பாட்டு இல்லை.

சுனில் சாந்த கேட்டது இவ்வுரிமையையே. ரத்தன்ஜன்கரின் விரிவுரையும் ஏறக்குறைய இவ்விடத்துக்கே வந்து சேர்கின்றது. இருவரும் ஒரே மேசையின் இருபுறமும் அமர்ந்து உரையாடியிருந்தால், ஒருவர் கருத்தை மற்றவர் மறுத்திரார் என எண்ணத் தோன்றுகிறது. அவர்களுக்கிடையே நின்ற மேசை உரையாடலுக்குரியதாக இல்லாமல், தேர்வுக்குரியதாக அமைந்துவிட்டமையே இடர்ப்பாடு. ஆராய்பவர் மாணாக்கராகி மக்களிடம் செல்லும்போது கலை வளர்கின்றது. அவரே நீதிபதியாக அமர்த்தப்படும்போது, அவர் எத்துணை நல்லவராயினும் ஒரு பகுதி கலை வாயிலுக்கு வெளியே நின்றுவிடுகின்றது.

மலைநாட்டின் பாட்டு

இத்தகைய வாயிலுக்கு வெளியே நின்றோருள் நம் மலைநாட்டு மக்களும் உளர். அவர்களுக்கோ சோதனை மண்டபத்துக்கு அழைப்பும் வந்ததில்லை.

1952 என்னும் அவ்வாண்டையே மீண்டும் நோக்குக. நாட்டின் உண்மையான இசை கிராம மக்களிடத்தே உள்ளது என்று கொழும்பிலே பேசப்பட்ட அதே ஆண்டிலே, மலைநாட்டுத் தோட்டங்களில் உழைத்த இலட்சக்கணக்கான தமிழ் மக்கள் நாட்டு மக்களாகக் கணிக்கப்படாத நிலையில் இருந்தனர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும், அடுத்த ஆண்டில் வந்த தேர்தற் சட்டத் திருத்தமும் அவர்களுடைய வாக்குரிமையைப் பறித்தன. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பிலே எழுவர் நாடாளுமன்றம் சென்றிருந்தனர். 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் ஒருவரும் செல்லுதல் இயலவில்லை. அவ்வாண்டிலேயே வாக்குரிமை வேண்டிச் சத்தியாக்கிரகமும் நடைபெற்றது. நாடு தன் கிராமியப் பாட்டைத் தேடியபோது, பாடுவோருள் ஒரு பெருங் கூட்டத்தார் நாட்டின் கணக்கிலேயே இல்லை. அச்சட்டம் விளைத்த தீங்கு முழுவதும் நீங்குதற்கு 2003ஆம் ஆண்டுவரை காத்திருக்க நேர்ந்தது.

அவர்களிடம் பாட்டில்லாமலா இருந்தது? மாசி மாதத்திலே காமன் கம்பம் நட்டு, காமனும் இரதியும் ஆடிவர, சிவபெருமான் நெற்றிக்கண்ணால் காமன் எரிபட, இரதி புலம்ப, மீண்டும் அவன் உயிர்பெறும் காமன் கூத்து தோட்டந்தோறும் நடைபெறுவது. பொன்னர் சங்கரும் அருச்சுனன் தபசும் விடிய விடிய ஆடப்பெறுவன. தப்பு என்னும் அத்தோற்கருவி திருவிழாவுக்கும் சாவுக்கும் மட்டுமன்றி, விடியற்காலையிலே தொழிலாளரைப் பெரட்டுக்கு அழைப்பதற்கும் முழங்கியது. ஒரே கருவியின் அடி வேற்றுமையால் ‘வேலைக்கு வா’ என்பதையும் ‘சாவுக்கு வா’ என்பதையும் ‘கூத்துக்கு வா’ என்பதையும் லயத்து மக்கள் பிரித்தறிந்தனர். இது தாள ஞானமன்றி வேறென்ன? பழந்தமிழ் நூலோர் குறிஞ்சி நிலத்துக்கு யாழும் பண்ணும் பறையும் வகுத்து வைத்தனர். இம்மலைகளில் அவ்வழக்கு நூலறிவின்றியே வாழ்ந்து வந்திருக்கிறது.

இப்பாடல்களை மதித்துத் திரட்டிய பெருமை சி. வி. வேலுப்பிள்ளை அவர்களுக்கு உரியது. 1914ஆம் ஆண்டிலே பூண்டுலோயா மடக்கும்புரைத் தோட்டத்திற் பிறந்த அவர், 1947ஆம் ஆண்டுத் தேர்தலிலே தலவாக்கலைத் தொகுதியினின்றும் நாடாளுமன்றம் சென்ற எழுவருள் ஒருவர். சட்டத்தால் அம்மக்களின் குரல் மன்றத்திலே அடங்கியபோது, அவர்களுடைய மற்றொரு குரலைத் தேடி அவர் லயங்களுக்குச் சென்றார் எனலாம். ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுத வல்ல அவர், தாலாட்டு, ஒப்பாரி, காதற்பாட்டு, கங்காணியைப் பழிக்கும் பாட்டு, கண்டிச் சீமைக்கு வந்த வழியைக் கூறும் பாட்டு என்றிவற்றையெல்லாம் கேட்டு எழுதினார். ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்னும் அத்தொகுப்பு 1983ஆம் ஆண்டு நூலாக வெளிவந்தது. அடுத்த ஆண்டே அவர் மறைந்தார். அவர் யாருக்கும் தரங்கூறவில்லை. பாடியவரின் பக்கத்தில் அமர்ந்து கேட்டார், கேட்டதை எழுதினார்.

நம் கடமை

சொற்களை எழுதியதோடு பணி நிறைவுறுவதில்லை. மெட்டையும் காத்தல் வேண்டும். இங்கேதான் ரத்தன்ஜன்கரும் அவர் குருநாதரும் நமக்குப் பயன்படுகின்றனர். பாத்கண்டே ஊரூராகச் சென்று, தம் குடும்பத்துக்கு வெளியே பாட்டைக் கொடுக்கத் தயங்கிய உஸ்தாதுகளிடமும் பணிந்து கேட்டு, உருப்படிகளைச் சுரப்படுத்தி, ‘கிரமிக் புஸ்தக் மாலிகா’ என ஆறு பாகங்களாக அச்சிட்டார். அவ்வுழைப்பு இல்லையேல் எத்தனையோ உருப்படிகள் பாடியவரோடே மறைந்திருக்கும். அந்த முறையை மலைநாட்டுப் பாடலுக்கும் கைக்கொள்ளலாம். ஒலிப்பதிவுக் கருவி இன்று ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்கின்றது. தப்பின் அடிகளைப் பதிவு செய்து, எந்த அடி எந்த வேளைக்குரியது என்று குறித்தல் வேண்டும். இரதியின் புலம்பல் எந்தச் சுரங்களிலே சுழல்கின்றது, ஒப்பாரி எவ்விடத்தில் மூச்சுவிடுகின்றது என்பவற்றை இசை கற்றோர் எழுதி வைத்தல் வேண்டும். எந்தத் தோட்டத்தில், எந்த ஆண்டில் கேட்கப்பட்டது என்பதையும் உடன் குறித்தல் வேண்டும்.

இப்பணியிலே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். சுரப்படுத்துவோர், பாட்டு இலக்கணத்துக்கு ஒத்துவராத இடத்திலே பாட்டைத் திருத்த முற்படுதல் கூடாது. நீலாம்பரியும் புன்னாகவராளியும் நாதநாமக்கிரியையும் நாட்டார் வாய்மொழியோடு நெருங்கிய உறவுடையன என்று இசைவாணர் கூறுவர். அவை தாலாட்டையும் புலம்பலையும் கேட்டு வளர்ந்தவை. அங்ஙனமிருக்க, பாட்டியின் தாலாட்டு நீலாம்பரியினின்றும் வழுவிற்று என்று குறைகூறுதல், மகளைப் பார்த்துத் தாயை அளப்பதாகும்.

நம் போன்ற இந்துக் கல்லூரிகளுக்கு இப்பணி அந்நியமன்று. மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராய் விளங்கிய சுவாமி விபுலானந்தர், வழக்கொழிந்த யாழைப் பற்றி நெடுங்காலம் ஆராய்ந்து, 1947ஆம் ஆண்டிலே ‘யாழ் நூல்’ என்னும் அரும்பெரு நூலை உலகுக்களித்தார். மறைந்துபோன இசைக்கருவி ஒன்றுக்காக அவர் அத்தனை ஆண்டுகள் உழைத்தார். நமக்குள்ள வாய்ப்போ இன்னும் பெரிது. நாம் தேடும் இசை இன்னும் மறைந்துவிடவில்லை. பொகவந்தலாவையிலும் மஸ்கெலியாவிலும் பூண்டுலோயாவிலும் அதைப் பாடக்கூடிய மூதாட்டியர் வாழ்கின்றனர். ஆனால் அவர்கள் நெடுநாள் காத்திருக்கமாட்டார்கள். தோட்டத்தை விட்டுப் பிள்ளைகள் நகரங்களுக்குச் செல்கின்றனர். பாட்டைக் கேட்கும் செவி குறையப் பாடும் வாயும் ஓய்ந்துவிடும்.

பழைய மாணவர்களாகிய நம்முள் ஆசிரியர் உளர், மருத்துவர் உளர், தோட்டத்து அலுவலர் உளர், இசை பயின்றோரும் உளர். விழா எடுப்பதற்கும் மலர் வெளியிடுவதற்கும் ஒன்றுகூடும் நாம், ஓராண்டுக்கு ஒரு தோட்டத்தையேனும் தேர்ந்து, அங்குள்ள பாடல்களைப் பதிவுசெய்து கல்லூரி நூலகத்திலே வைப்பதென உறுதி பூணலாகாதா? நம் கல்லூரியில் இன்று கற்கும் பிள்ளைகளுள் பலர் அம்மூதாட்டியரின் பேரப்பிள்ளைகளே. ‘உன் பாட்டியிடம் ஒரு பாட்டுக் கேட்டு எழுதி வா’ என்று ஆசிரியர் ஒருவர் வகுப்பிலே சொல்வாராயின், அன்றே பணி தொடங்கிவிடும்.

லக்னோவிலிருந்து கடல்கடந்து வந்த ஒரு பெரும் புலவர், தம் இசையை இங்கே நாட்டுதற்கு முயலாது, இம்மண்ணின் பாட்டைத் தேடுமாறு கூறிச் சென்றார். அவர் சொல்லைச் சிங்களக் கலைஞர் தம் வழியிலே நிறைவேற்றினர். மலைநாட்டிலே அச்சொல் இன்னும் நிறைவேற்றுவாரை எதிர்நோக்கி நிற்கின்றது. பாட்டுக்கு உரியவர் உளர். எழுதுதற்குக் கற்றவரும் உளர். இருவரையும் ஒருங்கே சேர்க்கும் பேறு நம் கல்லூரிக்கு வாய்ப்பதாக.